தம்பி நடிக்கலாம், தள்ளுவண்டிலில் ஏறத் தேவையில்லை

உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 17 வயது, உயரம் 3 அடி 10 அங்குலம். பாடசாலை நாடகங்களில் நன்றாக நடிக்கிறானாம். கொழும்பில் இருந்து வீடியோ எடுக்கும் ஒரு குழு அவனை அழைக்கிறது. குழந்தை உடுப்புப் போட்டுத் தள்ளுவண்டிலில் படுத்திருக்க வேண்டும். யாராவது கொஞ்ச வந்தால் பெரிய ஆளின் குரலில் ஏசவேண்டும். அதுதான் வேடம். காசு நல்ல காசு. ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான், அம்மா அழுகிறார். "நடிப்பை நம்பி வாழலாமா? பேர் வந்தால் இந்தக் கேலி நிற்குமா? நீங்கள் இவ்வளவு காலம் நடித்தவர், உள்ளதைச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

உள்ளதைச் சொல்கிறேன் தங்கச்சி. நடிக்கலாம். நடிப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது. பேர் வந்தால் கேலி நிற்காது, உடுப்பு மாற்றிக்கொண்டு வரும். ஏ.எல் எழுதாமல் போகவே கூடாது. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம் எல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்ற கதை, கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருகோணமலை நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன், ஐம்பதைத் தாண்டியவன், 4 அடி 1 அங்குலம். கூத்து, வீதி நாடகம், வானொலி நாடகம், பிறகு சில டிவி நாடகங்கள் என்று கிடைத்ததில் எல்லாம் நடித்திருக்கிறேன். கச்சேரிப் பக்கம், அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடையும் வைத்திருக்கிறேன். டிவியில் பார்த்தவர்கள் கடைக்கு வந்தால், "இன்னும் இதைத்தான் செய்கிறீர்களா?" என்பார்கள். ஓம், இதைத்தான் செய்கிறேன். கவுண்டருக்கு உட்பக்கம் நீளத்துக்குப் பலகை அடித்து உயர்த்தியிருக்கிறேன். அதில் ஏறி நின்றால் வருகிறவரின் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர். படிவத்தை நீட்டி, காசு தந்து, மிச்சம் வாங்கிப் போகிற பலருக்கு என் உயரம் தெரியவே தெரியாது. பேப்பர் கட்டு எடுக்க நான் கீழே இறங்கும்போதுதான் முகம் மாறும். நான் நடித்த நல்ல வேடங்களுக்கு எல்லாம் அந்தக் கடைதான் காரணம். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு ஒரு செய்தி. கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் பிள்ளை இப்படி, எதையோ பார்த்துப் பயந்ததால்தான் இப்படி என்று அவர் காதில் யாரோ கட்டாயம் ஓதியிருப்பார்கள். என் அம்மாவுக்கும் ஓதினார்கள். அதெல்லாம் வெறும் கதை. உடல் குறுகிப்போவதில் நூற்றுக்கணக்கான வகை உண்டு. அதிகம் காணப்படுவது, எனக்கு இருப்பது, அக்கொன்ட்ரோபிளேசியா. ஏறத்தாழ 25,000 பிறப்புக்கு ஒன்று. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் நடக்கும் ஒரு சிறு மாற்றம்தான் இதற்குக் காரணம் என்று 1994இல் கண்டுபிடித்தார்கள். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் 80 வீதமானோரின் தாயும் தகப்பனும் வழக்கமான உயரம் உள்ளவர்கள்தான். மாற்றம் புதிதாகத் தற்செயலாக நடக்கிறது. தகப்பனின் வயது கூடக்கூட அதற்கு வாய்ப்பும் சற்றுக் கூடும். தாய் எதைப் பார்த்தாள், எதைத் தின்றாள் என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தம்பிக்கும் இதே வகைதானா என்பதை வைத்தியர் சொல்லட்டும். அதைத் தெரிந்துகொள்வது நடிப்புக்கும் தேவை, ஏன் என்று வருகிறேன்.

சரி, வேடங்களுக்கு வருவோம். எங்கள் உயரத்து ஆளுக்கு நம் மரபே மூன்று வேடத்தை முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறது. மாவலியிடம் மூன்றடி மண் கேட்ட வாமனன், குறுமுனி அகத்தியர், நடராசர் காலடியில் கிடக்கிற முயலகன். பாடசாலையில் எனக்குக் கிடைத்தது எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கலை விழாவில் சிவ தாண்டவம் போட்டார்கள். முயலகனுக்கு ஒத்திகையே இல்லாமல் என்னைப் பிடித்தார்கள். தாண்டவம் முடியும்வரை முதுகில் ஒரு கால் ஊன்றியிருக்க, பலகை மேடையில் குப்புறக் கிடக்கவேண்டும். மேடைத் தூசி மூக்கில் ஏறும், தும்மக் கூடாது. அதே விழாவில் அகத்தியர் நாடகமும் இருந்தது. அதற்கு வகுப்பிலேயே வளர்ந்த ஒரு பொடியனுக்கு வயிற்றில் தலையணை கட்டி விட்டார்கள். "அகத்தியருக்கு வசனம் கூட, உச்சரிப்பு முக்கியம்" என்பது விளக்கம். மூதூர்ப் பக்கம் கங்குவேலியில் அகத்தியர் தாபனமே இருக்கிற மாவட்டம் இது. குறுமுனி வேடம்கூடக் குறுகிய ஆளுக்குக் கிடைக்கவில்லை. (அந்த நெட்டைப் பொடியன் இப்போது கனடாவில் இருக்கிறான். இன்றும் என்னை "முனிவரே" என்றுதான் கூப்பிடுவான்.)

கூத்து எனக்கு அதைவிட நல்லது செய்தது. கிழக்கில் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகையில் எதுவானாலும் ராசா வருவதற்கு முன் கட்டியக்காரன் வந்து வரவு சொல்வான். என் உயரத்துக்கு முதலில் கிடைத்தது அந்த வேடம்தான். ஆனால் கட்டியக்காரனுக்குப் பாட்டு உண்டு, பேச்சு உண்டு, ராசாவையே குத்திக் கதைக்கிற உரிமை உண்டு. அதோடு கூத்து ஆடுகிற களரியின் அமைப்பையும் பாருங்கள். வட்டக்களரி கொஞ்சம் உயர்ந்திருக்கும், சனம் சுற்றிவரப் பாய் போட்டு நிலத்தில் இருக்கும். கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாக் கூத்தரும் உயரம்தான். கரப்புடுப்பும் முடியும் போட்ட ராசாவுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் விடியப்புறம் வரை ஆடும்போது மெல்ல மெல்ல மறந்துபோகும். சனம் தாளத்தைப் பார்க்கும், குரலைக் கேட்கும். ஒரு வருடம் சகுனி ஆட வேண்டியவர் காய்ச்சலில் விழ, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் என்னைப் பார்த்து, "உனக்குப் பாட்டு எல்லாம் மனப்பாடம்தானே, ஏறு" என்றார். ஏறினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் சந்தையில் ஒரு கிழவி என்னை மறித்து, "பாவி, அந்தப் பிள்ளையளை இப்பிடிக் காட்டுக்கு அனுப்பிப்போட்டியே" என்று ஏசினார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஆனால் கோமாளி வேடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைத் தம்பிக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும். சிரிப்புக் குறைந்தால் உடனே எல்லோரும் கேட்பது குட்டிக்கரணம். "ஒன்று அடி, சனம் கை தட்டும்." அக்கொன்ட்ரோபிளேசியா உள்ளவர்களுக்கு மண்டையோட்டின் அடியில் முண்ணாண் என்கிற தண்டுவடம் இறங்கும் துவாரம் ஒடுக்கம். முதுகெலும்புக்குள் உள்ள குழாயும் ஒடுக்கம். ஜிம்னாஸ்டிக், ட்ராம்பொலின், மோதி விழுகிற விளையாட்டு எதுவும் வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வது அதனால்தான். குட்டிக்கரணம் அடிப்பதும், கழுத்தில் பிடித்துத் தூக்குவதும், ஒருவர் தூக்கிப்போட மற்றவர் பிடிப்பதும் நகைச்சுவை வேடத்துக்கு வழக்கமாகக் கேட்கப்படுபவை. எங்கள் உடம்பு தாங்காத வேலையும் அதே மூன்றுதான். இளமையில் ஒன்றும் தெரியாது. நாற்பதுக்குப் பிறகு கணக்குக் கேட்கும். இப்போது நான் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஒரே மூச்சில் நடப்பதில்லை. பாதி வழியில் கால் மரக்கும். மான்கள் நிற்கிற மரத்தடியில் கொஞ்சம் குந்துவேன். குந்தினால் முதுகெலும்பு விரிந்து மரப்பு விடும், திரும்ப எழுந்து நடப்பேன். கால் பலம் குறைந்தாலோ, சலம் கழிப்பதில் மாற்றம் வந்தாலோ ஒரு நாளும் பொறுத்திருக்கக் கூடாது, உடனே கிளினிக்குக்குப் போகவேண்டும். எனவே எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் "தூக்குவது, எறிவது, கரணம் இல்லை" என்ற வரி அதில் இருக்கட்டும்.

கமரா வேலைக்கு வந்தால், டைரக்டர் எப்படிப்பட்டவர் என்று அறிய நான் அவர் பேச்சைக் கேட்பதில்லை, கமராவின் முக்காலியைப் பார்ப்பேன். நான் வசனம் பேசும்போது கமராவை என் கண் மட்டத்துக்கு இறக்குகிறாரா, இல்லை மற்றவர்களுக்கு வைத்த உயரத்திலேயே விட்டு என்னை மேலிருந்து கீழே பார்க்கிறாரா? மேலிருந்து எடுத்தால் நான் என்ன பேசினாலும் பார்க்கிறவர் மனதில் குழந்தைதான். ஒரு டிவி நாடகத்தில் எனக்கு வட்டிக்குக் காசு கொடுக்கிறவன் வேடம். கடன் கேட்க வருகிறவர் ஆறடி. டைரக்டர் சின்னப் பொடியன், முதல் வேலை. அவன் என்னை ஸ்டூலில் ஏற்றவில்லை. ஆறடிக்காரரைச் சாய்வு நாற்காலியில் இருத்தினான். நான் நின்றுகொண்டே பேசினேன். அவர் உடம்பு நாற்காலிக்குள் புதைந்து, முழங்கால் மூக்கு மட்டத்துக்கு வந்துவிட்டது. வட்டி வீதத்தைச் சொல்லும்போது நான்தான் அவரைக் குனிந்து பார்த்தேன். அந்தக் காட்சிக்கு அவன் செலவழித்தது ஒரு நாற்காலி வாடகை.

தமிழ்ப் படத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 1989இல் அபூர்வ சகோதரர்கள் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துத்தான் பார்த்தோம். அடுத்த நாளில் இருந்து எனக்குப் பேர் அப்பு. அதுவரை கூப்பிட்ட பேர்களைவிட அது எவ்வளவோ மேல், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அப்புவுக்கு ஆசை இருந்தது, காதல் தோற்றது, கோபம் வந்தது, அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்க மூளை இருந்தது. அதற்கு முன் தமிழ்ப் படத்தில் எங்கள் உயரத்து ஆளுக்கு இதெல்லாம் ஒன்றாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் நடித்தவர் கமல்ஹாசன். எங்கள் உயரத்து நிஜக் கலைஞர்கள் அவரைச் சுற்றி சர்க்கஸ் கூட்டமாக நின்று ஆடினார்கள். கமலின் உழைப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இன்றைக்கும் அந்தப் படத்தை ரசிப்பேன். ஆனால் சினிமாக்காரர்கள் அதில் இருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: உயரம் குறைந்தவனுக்கு நல்ல கதை வைத்தால், அதில் உயரமான ஸ்டாரைப் போட்டுச் சின்னதாக்கு. 2018இல் ஜீரோ என்ற இந்திப் படத்தில் ஷாருக்கானைக் கணினியில் சின்னதாக்கியதும் அதே கணக்குத்தான்.

மற்றப் பக்கம் கேரளத்து அஜயகுமார் இருக்கிறார். கின்னஸ் பக்ரு என்றால் எல்லோருக்கும் தெரியும். உயரம் 76 சென்ரிமீற்றர், எனக்கும் இடுப்பளவுதான். மிமிக்ரி மேடையில் தொடங்கி, 2005இல் அற்புதத் தீவு என்ற மலையாளப் படத்தில் கதாநாயகனாக நடித்து அதற்காகவே கின்னஸில் ஏறினார். 2006இல் டிஷ்யூம் படத்தில் தமிழுக்கு வந்தார். 2013இல் தானே ஒரு படத்தை இயக்கினார். அவருடைய பேட்டி எதையாவது தேடித் தம்பிக்குப் போட்டுக் காட்டுங்கள். சிரிக்க வைப்பதற்கும் சிரிக்கப்படுவதற்கும் நடுவில் உள்ள கோட்டை அந்த மனிதர் எவ்வளவு லாவகமாகப் பிடித்திருக்கிறார் என்று அவன் பார்க்கட்டும்.

இப்போது நான் சொன்ன என் போட்டோக்கொப்பிக் கடைக் கதை. அதற்கு முதலில் வேறொரு நடிகரைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகத்தில் எங்கள் உயரத்து நடிகர்களில் இன்று முன்னுக்கு நிற்பவர் அமெரிக்காவின் பீட்டர் டிங்க்லேஜ். 1969இல் பிறந்தவர், உயரம் 4 அடி 5 அங்குலம், எனக்கு உள்ள அதே வகை. கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் டிரியன் வேடத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியை நான்கு முறை வாங்கினார். எல்லோரும் பார்ப்பது அந்த நான்கு விருதை. நான் பார்ப்பது அதற்கு முந்திய காலத்தை. 1991இல் கல்லூரியில் நாடகம் படித்து முடித்து நியூயோர்க் வந்தார். நத்தார் விளம்பரங்களில் கூரான காது, கூரான தொப்பி வைத்த குட்டிப் பூத வேடங்கள் வரும். வேண்டாம் என்றார். அப்போ சோறு? 23 வயதில் இருந்து 29 வயது வரை ஓர் அலுவலகத்தில் தரவு பதிகிற வேலை பார்த்தார். 2012இல் தான் படித்த கல்லூரியில் பட்டமளிப்பு விழாவுக்குப் பேச வந்தபோது இதை அவரே சொன்னார்: அந்த வேலையை வெறுத்தாராம், ஆனால் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம், ஏனென்றால் தனக்கென்று ஓர் இருப்பிடத்துக்கு வாடகை கொடுக்க முடிந்தது அதனால்தான். 29இல் அதை விட்டார். 2003இல் ஒரு சிறு பட்ஜெட் படத்தில், ரயில் என்றால் உயிராக இருக்கிற, தன்னைத் தனியாக விட்டால் போதும் என்று நினைக்கிற ஒருவனாக நடித்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"வேண்டாம்" என்று சொல்வது சூடு சொரணையால் வருகிறது என்று இளசுகள் நினைப்பார்கள். எனக்குத் தெரிந்தவரை அது அரிசிப் பானையில் இருந்து வருகிறது. கடை திறப்பு விழாவில் கரடி உடுப்புக்குள் வெயிலில் நிற்க, கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்க, மேடையில் முட்டை எறி வாங்க என்று எனக்கும் ஆள் வரும். போட்டோக்கொப்பி மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்ப முடியும். மெஷின் பழுதாகி, வாடகை நிலுவையில் நின்ற ஒரு காலத்தில் கரடி உடுப்புக்குள்ளும் நின்றிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை, வேர்வைதான் இருந்தது. ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஒருவர் இருக்கிறார். பிரான்சில் மனுவேல் வக்கன்ஹைம். கேளிக்கை விடுதிகளில் எங்கள் உயரத்து ஆளைப் பாதுகாப்பு உடுப்புப் போட்டு மெத்தையை நோக்கித் தூக்கி எறிகிற ஒரு போட்டி அப்போது நடந்தது. எறியப்படுவது அவர் தொழிலாக இருந்தது. மனித மாண்புக்குக் கேடு என்று ஊராட்சி தடை போட்டது, 1995இல் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. அவர் விடவில்லை. ஐநா மனித உரிமைக் குழு வரை போனார். எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே வேலை இல்லை, வேலை இருப்பதுதான் மாண்பு என்பது அவர் வாதம். 2002இல் அங்கேயும் தோற்றார். தடை சரி என்றுதான் நானும் நினைக்கிறேன், முதுகெலும்பைப் பற்றி மேலே சொன்னேனே. ஆனால் அவர் வாதத்தின் முதல் பாதியை ஒருவரும் மறுக்கவில்லை என்பதும் உண்மை. தடை போட்டவர்கள் வேறு வேலை எதையும் கையில் வைத்துக்கொண்டு வரவில்லை.

டிங்க்லேஜ் மீதும் இதே முறைப்பாடு வந்தது. 2022இல், ஏழு குள்ளர் வருகிற ஸ்னோ வைட் கதையை டிஸ்னி படக் கம்பெனி திரும்ப எடுக்கப் போவதை அவர் கடுமையாகக் கேலி செய்தார். எங்கள் உயரத்து நடிகர்கள் சிலருக்குக் கோபம்: உனக்கு விருது இருக்கிறது, எங்களுக்கு ஏழு வேலை போச்சே என்று. 2025இல் படம் வந்தபோது ஏழு பேரும் கணினி உருவங்கள். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், கதையைப் பற்றி அவர் சொன்னது சரி, வேலையைப் பற்றி மற்றவர்கள் சொன்னதும் சரி. எரிச்சல் எனக்குக் கம்பெனி மேல்தான். நல்ல கதை எழுது என்று கேட்டதற்கு, ஆளையே எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் வாரிக் டேவிஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. 11 வயதில் கரடிக்குட்டி மாதிரியான உடுப்புக்குள் நுழைந்து ஸ்டார் வார்ஸில் நடித்தவர், 1995இல் உயரம் குறைந்த நடிகர்களுக்கென்று ஓர் ஏஜென்சியையே தொடங்கினார். சம்பளம் பேச ஆள் வந்தது. நம் ஊரில் அப்படிப் பேச ஆள் இல்லை, அதனால் தங்கச்சி, அந்த வேலை இப்போதைக்கு உங்கள் தலையில்.

பேரைப் பற்றியும் கேட்டீர்கள். பிறந்த நாளில் இருந்தே எங்களை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் பார்க்கும், வங்கியில் கவுண்டருக்குக் கீழே இருந்து கையை நீட்டினால் பார்க்கும். எனவே நடிகனானால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற ஆசையில் தம்பி போக வேண்டியதில்லை, அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. டிவியில் வந்த பிறகு எனக்கு நடந்தது என்னவென்றால், தூர நின்று சிரித்தவர்கள் கிட்ட வந்தார்கள். வந்து தோளில் கை போட்டார்கள். கேட்காமல் தூக்கினார்கள். டச் பே கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடு கச்சான் தின்றுகொண்டிருந்தவனை ஒரு குடும்பத்துத் தலைவர் பின்னாலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எடு எடு" என்று மகனிடம் போனை நீட்டினார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அவருக்கு என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இறக்கிவிடச் சொன்னேன். "பேர் வந்ததும் தலைக்கனம்" என்றார். கச்சான் எல்லாம் மணலில் கொட்டிப் போனது, மனைவி அதற்காகவே அவருக்கு நன்றாகக் கொடுத்தாள்.

நல்லதும் உண்டு. கடையில் கடன் சொல்வது சுலபம். கச்சேரியில் வரிசையில் நின்றால் யாராவது நாற்காலி தருவார்கள். கிண்ணியாவில் நாடகம் போட்டால் எனக்காக முன் வரிசையில் வந்து இருக்கிற பொடியள் உண்டு. ஆனால் சம்பளம் வருவது மட்டும் பேர் இல்லாத காலத்தில் எவ்வளவு பிந்தியதோ அவ்வளவே பிந்தியது.

இனி அந்தக் கொழும்புக் குழு. தள்ளுவண்டில் வீடியோவைப் பற்றி என் அபிப்பிராயம்: வேண்டாம். நகைச்சுவை கெட்டது என்பதால் சொல்லவில்லை, நகைச்சுவை என் தொழில். அந்த வேடத்தில் தம்பி ஒன்றும் செய்வதில்லை, படுத்துக் கிடக்கிறான். முயலகனுக்கும் அதுதான் வேலை. அதோடு பத்தாவது வீடியோவில் சனத்துக்கு அலுக்கும், அலுத்ததும் தூக்கி எறி, தண்ணீரில் போடு என்று போகும். வேறு வேடம் தருகிறோம் என்று அவர்கள் வந்தால், சில கேள்விகளைக் கேளுங்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பேர் இருக்கிறதா? தம்பிக்குப் பதிலாக ஐந்தரை அடிப் பொடியனைப் போட்டாலும் கதை நிற்குமா? வெட்டி ஒட்டிய வீடியோவைப் போடும் முன் அவனுக்குக் காட்டுவார்களா? எடுத்த வீடியோ யாருக்குச் சொந்தம், வேறு விளம்பரத்துக்கு விற்றால் பங்கு உண்டா? முற்பணம் எவ்வளவு? எல்லாம் எழுத்தில் வரட்டும். அவனுக்கு இன்னும் 18 ஆகவில்லை, அம்மாவின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்கக் கூடாது. நல்ல குழுவாக இருந்தால் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது என்று வையுங்கள்.

படிப்பு விஷயம். ஏ.எல்லில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகவே இருக்கிறது. அதை எடுத்து நன்றாகச் செய்தால் மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போகலாம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் உண்டு. நாடக ஆசிரியராக வரலாம். அரச வேலைகளில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லி 1988இலேயே அரச நிர்வாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும் வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு கூடாது என்கிறது. இந்தியாவில் 2016இன் சட்டம் 147 சென்ரிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த உயரத்தைத் தனி வகையாகவே எழுதியிருக்கிறது. நம் சட்டத்தில் அப்படிப் பட்டியல் இல்லை, பொதுவான வரைவிலக்கணம்தான். அதனால் வைத்தியச் சான்றிதழை இப்போதே எடுத்து, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதிந்து வையுங்கள். சுற்றறிக்கையின் பிரதி வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், அதற்குக் காசு எடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. புது நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை தொடங்கியிருக்கிறோம். மீன் வாடியில் நடக்கிற கதை. அதில் கணக்கப்பிள்ளை வேடத்துக்கு ஆள் சரியாக அமையவில்லை. வசனம் நிறைய, ஒரு நீளமான பொய் சொல்கிற காட்சி இருக்கிறது, அடி வாங்குகிற காட்சி இல்லை. நான் எழுதும்போது உயரத்தை நினைத்து எழுதவில்லை, யார் நடித்தாலும் சரி. ஞாயிறு பின்னேரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அம்மாவும் வரட்டும். ஏ.எல் பரீட்சை மாதத்தில் ஒத்திகை வைக்க மாட்டோம் என்று அவருக்கு நான் நேரில் சொல்கிறேன். மேடையேற்றத்துக்குப் பெரிய காசு வராது, போக்குவரத்தும் சாப்பாடும் கட்டாயம் உண்டு. கொழும்புக்காரர் அதற்கிடையில் போன் எடுத்தால், இரண்டு கிழமை கழித்துச் சொல்கிறோம் என்று சொல்லி வையுங்கள்.